அபராத ரசீதும் உரிமச் சான்றும்: மலைநகராட்சி தன் விதிகளை அமல்படுத்தும் விதம்

நீலகிரியின் நகராட்சி ஒன்றில் தேயிலைச் சரிவை ஒட்டிக் குடியிருக்கும் நண்பர் ஒருவர் நீண்டதொரு கேள்வி கேட்டிருக்கிறார். அவருடைய வீட்டுக்கு மேலே உள்ள தங்கும் விடுதியில் சனிக்கிழமைதோறும் நள்ளிரவு தாண்டியும் ஒலிபெருக்கி அலறுகிறது. விடுதிக் குப்பை மூட்டை மூட்டையாக ஓடைக்குள் உருட்டப்படுகிறது. அந்த மூட்டைகளை மோப்பம் பிடித்துக் காட்டுமாடுகள் வாசற்படி வரை வந்துவிடுகின்றன. நகராட்சியில் மூன்று மனு கொடுத்தாயிற்று. ஒருமுறை ஐந்நூறு ரூபாய் அபராதம் போட்டதாகக் கேள்விப்பட்டதோடு சரி. "சட்டம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் நகராட்சி அதை எப்படித்தான் நடைமுறைப்படுத்துகிறது?" என்கிறார். மலையில் இரண்டு நகராட்சிகளில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், ஒரு கோப்பு உள்ளே எப்படி நகர்கிறது, எங்கே நின்றுபோகிறது என்பதை நான் கண்ட அளவில் எழுதுகிறேன்.

சட்டம் இருக்கிறது, தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் நண்பர் ஒரே மனுவில் எழுதிய மூன்று குறைகளும் மூன்று வெவ்வேறு அலுவலகங்களுக்கு உரியவை. குப்பை நகராட்சிக்கு, இரவு ஒலிபெருக்கி காவல்துறைக்கு, காட்டுமாடு வனத்துறைக்கு. மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டி ஆணையருக்கு அனுப்பினால், 'தொடர்புடைய துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டது' என்ற ஒரே வரியில் மூன்றும் முடிந்துவிடும். அந்த வரியை நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. நகராட்சியின் கையில் இருக்கும் கருவிகளில் மிகவும் வலுக்குறைந்தது அபராதம்தான். கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றே என்பதால் மக்கள் அதைக் கேட்கிறார்கள். கொடுப்பதற்கு எளிது என்பதால் அலுவலர்களும் அதையே கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உதகையும் குன்னூரும் 1866-இல் நகராட்சிகள் ஆனவை. நெடுங்காலம் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்கீழ் நடந்து வந்தன. 1998-இல் இயற்றப்பட்டு, பிறகு பல ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டிருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், தனக்கான விதிகளோடு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. இதற்கு அடியில் நகர்மன்றம் செய்துகொள்ளும் துணை விதிகள் இருக்கின்றன: மன்றம் தீர்மானம் நிறைவேற்றி, வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, அரசின் ஒப்புதல் பெற்ற பிறகே அவை உயிர் பெறும். குப்பையைத் தரம் பிரித்துத் தராதவரிடமும் தெருவில் கொட்டுபவரிடமும் அந்த இடத்திலேயே அபராதம் வசூலிக்க இடம் தரும் துணை விதிகளை ஒவ்வொரு நகராட்சியும் செய்துகொள்ள வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டாயப்படுத்தின. துணை விதியைச் செய்வது மன்றம். நிறைவேற்றுவது ஆணையரும் அவருக்குக் கீழுள்ள அலுவலர்களும். வார்டு உறுப்பினரால் ஒரு ரூபாய்கூட அபராதம் விதிக்க முடியாது. ஆனால் விதித்த அபராதத்தை ஒரு தொலைபேசி அழைப்பில் அவரால் நிறுத்திவைக்க முடியும் என்பது மலையில் மட்டுமல்ல, சமவெளியிலும் எல்லோரும் அறிந்த கதை.

ஆகவே மனு வந்து சேர்ந்ததும் அது ஆய்வாளரிடம்தான் இறங்குகிறது. அவர் களத்துக்குப் போக வேண்டும், பார்க்க வேண்டும், பார்த்ததை நிரூபிக்கும்படி எழுத வேண்டும். மூன்றாவதில்தான் பெரும்பாலான கோப்புகள் சாகின்றன. ஓடையில் குப்பை கிடப்பதை யார் வேண்டுமானாலும் காட்டலாம். அது இன்னாருடைய குப்பை என்று காட்டுவது வேறு வேலை. மேலே நான்கு விடுதிகள் வரிசையாக இருந்தால் நான்கு பேரும் மற்ற மூவரைக் கைகாட்டுவார்கள்.

ஒரு மார்கழிக் காலை நினைவுக்கு வருகிறது. ஓடைக்கரைப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. தூய்மைப் பணியாளர் இருவரோடு சரிவில் இறங்கி, பாறை இடுக்கில் சிக்கியிருந்த கறுப்பு மூட்டை ஒன்றை மேலே ஏற்றிச் சாக்கு விரித்துக் கொட்டினோம். முட்டை ஓடு, தேயிலைச் சக்கை, கோழி எலும்பு, நுனி கிழிந்த ஷாம்பு பாக்கெட்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில், குழம்பு ஊறி மஞ்சளாகிப்போன நான்கு சிறு சீட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அறையில் இருந்து சாப்பாடு கேட்டால் சமையலறைக்கு அனுப்புவார்களே, அந்த ஆர்டர் சீட்டுகள். விடுதியின் பெயர், தேதி, அறை எண் மூன்றும் தெளிவாக இருந்தன. ஜீப்பின் முகப்பில் வைத்து வெயிலில் காயவிட்டு, வெள்ளைத் தாளில் ஒட்டி, இடமும் நேரமும் எழுதி, பக்கத்து டீக்கடைக்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு விடுதிக்குப் போனோம். "எங்க குப்பை எல்லாம் கரெக்டா வண்டியிலதான் சார் போடறோம்" என்று சொல்லிக்கொண்டே வந்த மேலாளர், தாளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு எங்களுக்கு டீ சொன்னார். டீயைக் குடிக்காமல், நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். என் பணிக்காலத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் வைக்காமலே முடிந்த மிகச் சில கோப்புகளில் அதுவும் ஒன்று.

நோட்டீஸ் என்பது மிரட்டல் கடிதம் அல்ல. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த நாள், எந்த இடம், என்ன மீறல், எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், பதில் சொல்ல எவ்வளவு அவகாசம் என்பதெல்லாம் அதில் இருந்தாக வேண்டும். ஒன்று விடுபட்டாலும் விடுதிக்காரர் உயர் நீதிமன்றத்துக்குப் போய், இயற்கை நீதி (ஒருவர் தரப்பைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது என்ற நெறி) மீறப்பட்டது என்று ஒரே அமர்வில் தடை வாங்கிவிடுவார். கட்டடத்தை இடிக்கும் விஷயத்தில் இது இன்னும் கறாரானது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13-ஆம் நாள் அளித்த தீர்ப்பின்படி, பதிவுத் தபாலில் அனுப்பியும் கட்டடத்தில் ஒட்டியும் குறைந்தது 15 நாள் அவகாசம் தராமல் இடிக்கக் கூடாது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களை ஆக்கிரமித்துக் கட்டியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மலையில் ஓடையின் மேலேயே தூண் நிறுத்திக் கட்டியவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

இனி அபராதத்துக்கும் உரிமத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். சீசன் நாளில் ஓர் அறையின் ஓர் இரவு வாடகையில் சிறு பங்குகூட ஆகாத தொகையை அபராதமாகப் போட்டால், விடுதிக்காரர் அதைக் குப்பை வண்டிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து, எது மலிவோ அதைத் தேர்ந்தெடுப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி. ஆனால் அதே விடுதிக்கு நகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். கட்டட அனுமதி எந்தப் பயன்பாட்டுக்குக் கொடுக்கப்பட்டதோ அந்தப் பயன்பாட்டில்தான் கட்டடம் இருக்க வேண்டும். சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமம் வேண்டும். நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்கும் இடமென்றால், அது திடக்கழிவு விதிகளின்படி பெருமளவு கழிவு உண்டாக்கும் இடம் என்ற வகைக்குள் வந்து தனிப் பொறுப்புகளைச் சுமக்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று புதுப்பிக்கப்படும் வேளையில், 'இந்த வளாகத்தின் மீது தேதியிட்ட நான்கு ஆய்வறிக்கைகளும் இரண்டு நோட்டீஸ்களும் உள்ளன' என்று கோப்பில் ஒரு பக்கம் இருந்தால், அந்தப் பக்கம் எத்தனையோ அபராத ரசீதுகளுக்குச் சமம். வீடு கட்ட அனுமதி வாங்கிவிட்டு விடுதி நடத்துபவர்கள் மலையில் ஏராளம். அவர்களிடம் சுகாதாரப் பிரிவு பத்து முறை போவதைவிட நகரமைப்பு அலுவலர் ஒருமுறை வரைபடத்தோடு போனால் போதும், குப்பை தானாக வண்டியில் ஏறும்.

இந்தப் பிடி நகராட்சியின் கையில் இருக்கிறது என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் உதகை நகராட்சிச் சந்தையில் வாடகை நிலுவைக்காக நூற்றுக்கணக்கான கடைகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2019-இல் கொடைக்கானலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் விதிமீறிய கட்டடங்கள் வரிசையாகப் பூட்டப்பட்டன. ஒன்று நகராட்சிக்குப் பணம் வர வேண்டிய இடம். மற்றொன்று நீதிமன்றம் நாள் குறித்த இடம். இரண்டு காரணமும் இல்லாத இடத்தில் பூட்டும் அரக்கும் அலமாரியிலேயே இருக்கும். கொடைக்கானலில் இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி ஏழு மாடி எழுப்பிய ஒரு விடுதியை எதிர்த்துப் பழனிமலைப் பாதுகாப்புக் குழு நடத்திய வழக்கு 1995-இல் உச்ச நீதிமன்றம் வரை போனதையும் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐந்து மாடி அதிகமாக எழும்பும்வரை அந்தத் தெருவில் யாருக்கும் கண் தெரியவில்லையா என்று கேட்டால் பதில் சொல்வது எங்களைப் போன்றவர்களுக்குக் கடினம்.

மலைநகரத்துக்கென்று இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி உதகை நகரின் மக்கள்தொகை 88,430, கொடைக்கானலில் 36,501. சீசனில் நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நுழைவதாக 2024-இல் உயர் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. குப்பை போடுபவர் காலையில் வந்து மாலையில் இறங்கிவிடுகிறார். துப்பினால், உடைத்தால், வீசினால், ஆய்வாளர் ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளைச் சொருகுவதற்குள் அவர் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாரைத் தாண்டியிருப்பார். போகிறவரைப் பிடிக்க முடியாததால், போகாமல் நிற்பதைப் பிடிப்பது என்ற வழிக்கு மலை நிர்வாகம் மெல்ல வந்து சேர்ந்தது. கடை நிற்கிறது, விடுதி நிற்கிறது, சோதனைச் சாவடி நிற்கிறது. சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்த 2000-களின் தொடக்கத்திலேயே நீலகிரியில் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிரான இயக்கம் தொடங்கியது. 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழகம் முழுவதும் தடை வந்தது 2019 ஜனவரி 1 அன்றுதான். பிறகு நீலகிரியில் பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்களும் தடைக்குள் வந்தன. பதிலுக்குக் குடிநீர் ஏ.டி.எம்.கள் வைக்கப்பட்டன. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி வந்தது.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த ஏற்பாடு டாஸ்மாக் பாட்டில்தான். உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிய திட்டம் அது: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருவது. உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிப்பதைப் பற்றி நாங்கள் ஆண்டுக்கணக்கில் பலகை எழுதி வைத்தோம், அபராத எச்சரிக்கை ஒட்டினோம். குடித்தவர் யாரும் நின்று படித்ததாகத் தெரியவில்லை. பாட்டிலுக்கு ஒரு விலை வந்ததும், குடித்தவர் எறிந்தாலும் பொறுக்கி எடுக்க வேறொருவர் வந்துவிட்டார். ஆய்வாளரும் வேண்டாம், ரசீதும் வேண்டாம். வெளியூர் வண்டிகள் மலையேறுவதற்கு 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் இந்த வகையில் சேராது. அது மாவட்ட நிர்வாகத்தின் கையில் உள்ளது. அதைக் கேட்டு நகராட்சியில் மனு கொடுப்பவர்கள் இன்றும் உண்டு.

ஒலிபெருக்கிக்கு வருவோம். இது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளுக்குள் வருவது. அதன்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலருக்கும் தரப்படுகிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அந்த நேரத்தில் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கவே கூடாது என்பதால், அளவுக் கருவி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சுகாதார ஆய்வாளர் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து நின்றால் அங்கே கேட்பது குருவிச் சத்தம் மட்டுமே. ஒலிபெருக்கி அலறும்போதே காவல்துறையின் 100-க்கு அழைத்து, அழைத்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்வதே வழி. சத்தத்தோடு குப்பையையும் சருகையும் சேர்த்துக் கொளுத்தும் 'கேம்ப் ஃபயர்' பழக்கம் இருந்தால் அது வேறு கணக்கு: திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. காப்புக்காட்டை ஒட்டி மூட்டினால் வனத்துறையும் உள்ளே வரும்.

காட்டுமாட்டைப் பற்றித் தனியாக மனு எழுத வேண்டாம் என்பது என் கருத்து. வனத்துறை விரட்டிவிட்டுப் போகும், அது அடுத்த இரவு திரும்பி வரும். கரடியும் குரங்கும் அப்படியே. மூட்டை நின்றால் அவையும் நிற்கும்.

எங்கள் பக்கக் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விதி எவர்மேல் எளிதாகப் பாய்கிறதோ அவர்மேல்தான் முதலில் பாய்கிறது. மேலிடத்தில் இருந்து 'நடவடிக்கை எண்ணிக்கை' கேட்டு வரும் வாரங்களில், தள்ளுவண்டியில் அவித்த சோளம் விற்கும் அம்மாவிடம் நான்கு பிளாஸ்டிக் பை கிடைத்தால் அது ஒரு எண். விடுதியின் பின்கதவில் கிடக்கும் நாற்பது மூட்டையும் கோப்பில் ஒரே எண்தான், அதற்கு வேலை மட்டும் பத்து மடங்கு. ஆகவே ஆய்வாளர் எங்கே போவார் என்று நீங்களே ஊகிக்கலாம். தெருவோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. சான்று பெற்ற வியாபாரியை 30 நாள் நோட்டீஸ் இல்லாமல் அப்புறப்படுத்த முடியாது. பறிமுதல் செய்த சரக்கில் அழுகும் பொருளை அவர் வந்து கேட்கும் அன்றே தர வேண்டும், அழுகாததை இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும். இந்த விவரத்தை அறிந்த ஒரு வியாபாரி, ஒருமுறை என் முன்னாலேயே சட்டப்பிரிவைச் சொல்லித் தன் தராசை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்று கோபம்தான் வந்தது. இன்று யோசித்தால் அவர்தான் சரி. இரவில் சாலையில் விடப்படும் சவாரிக் குதிரைகளின் கதை இதற்கு நேர்மாறு: பிடித்துப் பட்டியில் அடைத்தால், தீவனச் செலவு ஏறுவதற்குள் சிபாரிசு வந்து சேரும்.

நண்பர் இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பழைய மூன்று மனுக்களையும் மறந்துவிட்டு, குப்பைக்கு மட்டும் புதிய மனு ஒன்றை ஆணையருக்கு எழுதி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 'அடிக்கடி கொட்டுகிறார்கள்' என்று எழுதாதீர்கள். எந்தெந்த நாள், எத்தனை மணி, எத்தனை மூட்டை என்று எழுதுங்கள். புகைப்படத்தில் ஓடையும் விடுதியின் சுவரும் ஒன்றாகத் தெரியட்டும். மூடுபனி இல்லாத நேரத்தில் எடுங்கள். மூட்டையை நீங்களே பிரிக்க வேண்டாம், ஆய்வாளர் பிரிக்கும்போது சாட்சியாக நில்லுங்கள். ஒரு மாதம் கழித்து, அந்த விடுதியின் தொழில் உரிமம், கட்டட அனுமதி, இதுவரை செய்த ஆய்வறிக்கைகள், கொடுத்த நோட்டீஸ்கள் ஆகியவற்றின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். ஆய்வே நடக்கவில்லை என்றால் அந்தப் பதிலில் அது தெரிந்துவிடும், அல்லது உங்கள் கேள்வி போன மறுநாள் ஆய்வு நடக்கும். இரண்டுமே நல்லதுதான்.

அப்படியும் அசையவில்லை என்றால் கோட்டாட்சியரிடமோ சார் ஆட்சியரிடமோ போகலாம். பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவாக இருந்தது, இன்றைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவாக அவர்களிடம் இருக்கிறது. அதே 133-ஆம் பிரிவைக் கொண்டுதான் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகர மக்கள் தெருச் சாக்கடைக்காகத் தங்கள் நகராட்சி மீதே வழக்குத் தொடுத்தார்கள். நிதி இல்லை என்ற சாக்கு செல்லாது என்று 1980-இல் நீதியரசர் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இன்றும் நகராட்சி வக்கீல்களுக்குத் தலைவலி.

மனுவில் ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். விடுதி இருக்கும் இடத்தின் வார்டு எண், ஓடை ஓடும் இடத்தின் வார்டு எண் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள். நம் ஊர்களில் சரிவின் மேல்பக்கம் ஒரு வார்டாகவும் கீழ்ப்பக்கம் இன்னொரு வார்டாகவும் இருக்கும். சில இடங்களில் கீழே நகராட்சி எல்லையே முடிந்து பேரூராட்சியோ ஊராட்சியோ தொடங்கிவிடும். குப்பை புறப்படுவது ஒருவர் எல்லையில், விழுவது மற்றொருவர் எல்லையில் என்றால், இரண்டு ஆய்வாளர்களுக்கும் நகல் போகாத மனு இருவருக்கும் நடுவில்தான் கிடக்கும்.